மழைக்கு முன்னே நனைந்தவன்

இலங்கை மலைநாட்டில், புசல்லாவைக்கு மேலே இருந்த ஒரு கோப்பித் தோட்டத்தில், கோப்பி காயப்போடும் களத்துக்கு என்னைக் காவல் வைத்ததற்கு ஒரே காரணம் நான் பயந்த சுபாவக்காரன் என்பதுதான்.

"மானத்தப் பாத்துக்கிட்டே நிக்கணும். அதுக்கு ஒன்னய விட்டா ஆளு ஏது?" என்றார் கங்காணி.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்கும்போதே ஒரு கண் மேகத்தைத் தேடிப் போய்விட்டது.

அது கோப்பிக் காலம். மலை முழுவதும் கோப்பிதான். ஐப்பசி, கார்த்திகையில் பழம் சிவக்கும். பறித்த பழத்தை ஆலையில் தோல் உரித்து, வழவழப்புப் போகக் கழுவி, கொட்டையைக் களத்தில் பரப்புவோம். நன்றாகக் காய்ந்த பிறகுதான் மூட்டை கட்டி வண்டியில் ஏற்ற முடியும். காய்வதற்குள் நனைந்தால் நிறம் கெட்டுவிடும். தொல்லை என்னவென்றால், பழம் சிவக்கிற அந்த மாதங்களில்தான் எங்கள் பக்கம் மத்தியானத்துக்குப் பிறகு மழை கொட்டும். காலையில் கண் கூசுகிற வெயில் அடிக்கும். சோறு தின்று கை கழுவுவதற்குள் எதிர் மலையைக் காணாது. ஆகவே களத்தில் ஒருவன் வானத்தைப் பார்த்தபடி நிற்க வேண்டும். மழை வரும் என்று தெரிந்தால் தப்புப் பறையை அடிக்க வேண்டும். சத்தம் கேட்டதும் மலையில் நிற்கிற ஆட்கள் ஓடி வந்து, கோப்பியை வாரிக் குவித்துக் கித்தான் துணியால் மூடுவார்கள்.

என் பயம் மழையோடு நின்றிருந்தால் இதை எழுத வேண்டியே இருக்காது. எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். அடுப்பு அணைந்ததா, கதவுத் தாழ் விழுந்ததா, மகளுக்கு நெற்றி சுடுகிறதா, தோட்டத்து வெள்ளைக்காரத் துரை நேற்று என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்ததா. ஒன்று தீர்ந்தால் அடுத்தது வாசலில் காத்துக்கொண்டிருக்கும். முதலில் அடிவயிறு சில்லிடும். பிறகு வாய் வறளும், உள்ளங்கை ஈரமாகும். அந்த ஈரத்தைப் பார்த்து, 'உடம்பே சொல்லிவிட்டது, ஏதோ நடக்கத்தான் போகிறது' என்று இன்னும் பயப்படுவேன். லயத்தில், அதாவது எங்கள் வரிசை வீடுகளில், இருந்தவர்கள் என்னை 'மழைக்கு முந்தி நனையிற ஆளு' என்பார்கள். கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. உள்ளதைத்தான் சொன்னார்கள்.

இதற்குப் பலரும் பல காரணம் கண்டுபிடித்தார்கள். இந்தியாவிலிருந்து வந்தபோது கடலைத் தாண்டி, மன்னார்க் காட்டு வழியாக மாத்தளை வரைக்கும் நடந்தோம். வழியில் வாந்திபேதி. கூட வந்தவர்கள் மரத்தடியில் படுத்தார்கள்; படுத்தவர்களில் பலர் எழுந்திருக்கவில்லை. அதைப் பார்த்து எனக்கு மனம் கலங்கிவிட்டது என்றார்கள். நானும் கேட்பவர்களிடம் அப்படியே சொல்லிவந்தேன். ஆனால் அதே வழியில் புதுப்பெண்ணாக என் மனைவியும் நடந்து வந்தாள். நான் கண்டதையெல்லாம் அவளும் கண்டாள். என்னைவிடக் கிட்டத்தில் கண்டாள். படுத்தவர்களின் வாயில் தண்ணீர் ஊற்றியவள் அவள்தான். அவளுக்கு ஏன் இது வரவில்லை? உண்மையைச் சொன்னால், ஊரில் இருந்த சின்ன வயதிலேயே நான் இப்படித்தான். அந்த வழி எனக்குப் பயப்பட நிறைய விஷயம் கொடுத்தது, பயத்தைக் கொடுக்கவில்லை.

நான் எழுத உட்கார்ந்தது அவளைப் பற்றித்தான். என்னைப் பற்றி இவ்வளவு சொன்னது, அவள் எதோடு மல்லுக்கட்டினாள் என்று தெரியவேண்டுமே என்பதற்காக.

முதல் வருடங்களில் அவளும் எல்லோரும் செய்வதைத்தான் செய்தாள். "கவலப்படாதீங்க" என்றாள். அந்த வார்த்தையை எனக்குச் சொல்லாதவர்கள் இல்லை. மழையைப் பார்த்துப் பெய்யாதே என்று சொல்வதுபோலத்தான் அது. பிறகு, கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள்.

"கதவு சாத்துனியா?"

"சாத்திட்டேன்."

"தாழ் போட்டியா?"

"போட்டேன்."

"நெசமா போட்டியா?"

"வாங்க, வந்து பாருங்க." எழுந்துபோய்த் தாழைக் காட்டுவாள். எனக்கு மனம் லேசாகும். கொஞ்ச நேரம்தான். பிறகு, அவள் காட்டும்போது தாழ் சற்று விலகியிருந்ததோ என்று தோன்றும்.

தோட்டத்துக் கோயிலில் மாரியம்மனுக்கு மாவிளக்குப் போட்டாள். கீழே சிங்களக் கிராமத்தில் இருந்த வைத்தியரிடம் கூட்டிப்போனாள். அவர் என் கையைப் பிடித்து நாடி பார்த்து, நாக்கைப் பார்த்து, கஷாயத்துக்கு மூலிகை கொடுத்தார். அதைக் குடித்துக் கொஞ்ச காலம் நன்றாகத் தூங்கினேன். அந்தக் கஷாயம் தீர்ந்துவிடுமோ என்று கவலைப்பட ஆரம்பித்த பிறகு அந்தத் தூக்கமும் போயிற்று.

களத்தில் என் பயம் வேறு மாதிரி வேலை செய்தது. மேகம் ஒரு கை அளவு தெரிந்தாலே தப்பை எடுத்துவிடுவேன். பழம் பறிக்கிறவர்கள் கூடையை வைத்துவிட்டு ஓடிவருவார்கள். வாரிக் குவித்து மூடுவோம். மேகம் கலைந்துபோகும், வெயில் அடிக்கும். முணுமுணுத்துக்கொண்டு மலையேறிப் போவார்கள். மறுபடியும் திறந்து பரப்ப எனக்குத் தைரியம் வராது. ஒரு பருவத்தில் அப்படி மூடி மூடியே, ஈரம் போகாத கோப்பி கித்தானுக்குள் புழுங்கிவிட்டது. கித்தானைத் தூக்கியபோது புளித்த வாடை முகத்தில் அடித்தது. மழைத்துளி ஒன்று படாமலே அத்தனை கோப்பியும் கெட்டது. துரை ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்த்துவிட்டு என் காலடியில் போட்டார். கங்காணி, "இன்னொரு தடவ இப்புடி ஆச்சுன்னா மம்பட்டியத் தூக்கிக்கிட்டு மலைக்குப் போக வேண்டியதுதான்" என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அவள் என்னைத் தேற்றவில்லை. "நனஞ்சா கெட்டுப்போகும்னுதானே மூடுனீங்க. மூடுனதுலயே கெட்டுப்போச்சே" என்று மெதுவாகச் சொன்னாள். அவள் குரலில் குற்றச்சாட்டு இல்லை. ஒரு முடிச்சின் நுனியைக் கண்டுபிடித்தவள் போல இருந்தாள்.

முடிச்சை எப்படி அவிழ்ப்பது என்று அவளுக்குக் காட்டியது எங்கள் மகள்தான்.

கண்டியிலிருந்து ஒரு முஸ்லிம் வியாபாரி பொதிமாடுகளில் உப்பு, கருவாடு, துணி எல்லாம் ஏற்றிக்கொண்டு லயத்துக்கு வருவார். எல்லோருக்கும் அவர் 'நானா', அதாவது அண்ணன். மகளுக்கு அப்போது நடை பழகிப் பேச்சு வந்திருந்த வயது. பொதிமாடுகளைக் கண்டால் அவளுக்கு உயிர் போகும். மணிச் சத்தம் கேட்டதுமே அலறுவாள். அவள் அலறினால் நான் முந்திக்கொண்டு அவளைத் தூக்கி வீட்டுக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்துவேன். வாரத்துக்கு வாரம் அலறல் கூடிக்கொண்டே போயிற்று.

ஒருநாள் நான் தூக்கப் போனபோது மனைவி என் கையைத் தடுத்தாள். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். மாடுகள் தூரத்தில், பலாமரத்தடியில் கட்டியிருந்தன. பிள்ளை கத்தினாள்.

நானாவுக்கே பொறுக்கவில்லை. "உள்ளுக்குக் கொண்டு போங்க தங்கச்சி, புள்ள பயப்படுதே" என்றார்.

"பயப்படட்டும் நானா. நான்தான் கூட நிக்கிறேனே."

அவள் பிள்ளையை மாட்டுப் பக்கம் இழுக்கவும் இல்லை, வீட்டுக்குள் கொண்டுபோகவும் இல்லை. சும்மா நின்றாள். 'ஒண்ணும் இல்ல' என்றுகூடச் சொல்லவில்லை. பிள்ளை கத்திக் கத்தி, பிறகு விம்மி, பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு மாட்டையே பார்த்தாள். மாடு காதை ஆட்டியது. "காது ஆடுது" என்றாள் பிள்ளை. அடுத்த முறை நானா வந்தபோது இருவரும் இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் நின்றார்கள். அதற்கு அடுத்த முறை இன்னும் கிட்டத்தில். மழைக்காலம் முடிவதற்குள் மகள் அந்த மாட்டின் நெற்றியில் கை வைத்துவிட்டாள். நானா சந்தோஷத்தில் அவளுக்கு ஒரு கல்கண்டு கொடுத்தார்.

அன்று மனைவி என்னைப் பார்த்த பார்வையை மறக்கமாட்டேன். அடுத்த மாடு நான்தான் என்று அப்போது எனக்குத் தெரியாது. மாடு அல்ல, அடுத்த பிள்ளை.

வேலையில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாவு இடிப்பதற்காக அரிசியை ஊறவைத்து வடித்து, லயத்து வாசலில் பாய் விரித்து அதில் பரப்பினாள். சாப்பாட்டுக்கு அளந்து வைத்திருந்த அரிசியில் எடுத்தது. மத்தியானம் திரும்பியதும் வழக்கம்போல மேகம் ஏறியது. நான் எழுந்தேன்.

"ஒக்காருங்க" என்றாள்.

"மழ வருது புள்ள."

"வரட்டும். நனையட்டும். நாம பாத்துக்கிட்டு இருப்போம்."

அவளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்தேன். அவள் என் பக்கத்தில் வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"இப்ப ஒங்களுக்கு எங்க என்ன பண்ணுது? சொல்லுங்க."

அதுவரைக்கும் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. "வயித்துக்குள்ள ஆத்துத் தண்ணி ஓடுது" என்றேன்.

"சரி. ஓடட்டும்."

தூறல் விழுந்தது. பாயில் புள்ளி புள்ளியாக நிறம் மாறியது. என் கால் தானாக எழும்பப் பார்த்தது. அவள் என் முழங்காலில் கை வைத்தாள். அழுத்தவில்லை, வைத்தாள், அவ்வளவுதான். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "அக்கா, அரிசி நனையுது!" என்று கூவினாள். "தெரியும்" என்றாள் இவள். மழை பிடித்துக்கொண்டது. அரிசி மிதந்து பாயின் ஓரத்துக்கு ஓடியது. நான் அழுதேன். வெட்கமில்லாமல் எழுதுகிறேன், கொஞ்சம் அரிசிக்காக அழுதேன்.

"இப்ப?" என்று கேட்டாள்.

"செத்துருவேன் போல இருக்கு."

"சரி. இருங்க."

இன்னும் கொஞ்ச நேரம் போயிற்று. "இப்ப?"

பதில் சொல்ல வாயெடுத்தபோதுதான் கவனித்தேன். வயிற்றில் ஓடிய ஆறு இறங்கியிருந்தது. முழுதாக வற்றவில்லை. ஆனால் இறங்கியிருந்தது. மழை நிற்கவில்லை, அரிசி காயவில்லை, யாரும் எதையும் வாரி மூடவில்லை. ஆனாலும் இறங்கியிருந்தது. அதுவரை என் வாழ்நாளில் பயம் தானாக இறங்கி நான் பார்த்ததில்லை. இறங்குவதற்குள் ஓடிப்போய் எதையாவது மூடிவிடுவேனே, எப்படிப் பார்த்திருப்பேன்?

அவள் எழுந்துபோய், மிச்சமிருந்த ஈர அரிசியை வழித்தெடுத்துக் கஞ்சி வைத்தாள். மண் நறநறத்தது. மூவரும் குடித்தோம். அந்த வாரம் முழுக்கச் சோறு குறைவாகத்தான் இருந்தது. தன் பங்கில்தான் அவள் குறைத்துக்கொண்டாள். லயத்துப் பெண்கள் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஏழை வீட்டில் அரிசியை மழையில் விட எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று எனக்கு அப்போது புரியவில்லை. இப்போது நினைத்தாலும் பிரமிப்பாக இருக்கிறது.

அதன்பிறகு வீட்டில் சட்டம் மாறியது.

"ஒரு தடவ கேளுங்க, சொல்றேன். அதையே மறுபடி கேட்டா சொல்ல மாட்டேன். கோவம்னு நெனைக்காதீங்க. நான் பதில் சொல்லச் சொல்லத்தான் ஒங்களுக்குக் கேள்வி கூடுது. பாத்துட்டேன்."

நான்தான் கோபப்பட்டேன். தாழ் போட்டாயா என்று இரண்டாம் முறை கேட்டு, அவள் பேசாமல் வெற்றிலை மடித்துக்கொண்டிருக்க, கல்நெஞ்சுக்காரி என்று திட்டினேன். அவள் கண் கலங்கியது. ஆனாலும் சொல்லவில்லை. சில நாள் அவளுக்கே முடியாமல், "போட்டேன், போட்டேன், போதுமா?" என்று கத்தியதும் உண்டு. மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது எங்கள் சட்டமெல்லாம் காற்றில் போயிற்று. இருவரும் மாறி மாறி நெற்றியைத் தொட்டுக்கொண்டிருந்தோம். காய்ச்சல் விட்டதும் மறுபடி ஆரம்பத்திலிருந்து தொடங்கினாள்.

பகலில் வருகிற கவலையையெல்லாம் விளக்கு வைத்த பிறகு சொல்லச் சொன்னாள். அப்போது அவள் வேறு எதுவும் பேசமாட்டாள்; பூண்டு உரித்துக்கொண்டு நான் சொல்வதை முழுக்கக் கேட்பாள். முடிந்ததும் ஒரே கேள்விதான். "இதுக்கு நாளைக்குக் காலையில செய்ய ஏதாச்சும் இருக்கா?" இருந்தால் அதைச் செய்வோம். இல்லையென்றால், "அப்ப நடக்கும்போது பாத்துக்குவோம்" என்று பூண்டுத் தோலைத் தட்டிவிட்டு எழுந்துவிடுவாள். பல நாள் சாயங்காலம் உட்காரும்போது, காலையில் என்னை உலுக்கியது என்னவென்றே ஞாபகம் வராது. ஞாபகம் வராததற்கும் ஒருமுறை கவலைப்பட்டேன். அதைக் கேட்டு அவள் சிரித்த சிரிப்பில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்தது களம்.

"மழ நெசமா வருதுன்னு ஒங்களுக்கு எப்புடித் தெரியும்? பயத்த விடுங்க. கண்ணுக்கு என்ன தெரியும்?"

யோசித்துச் சொன்னேன். காற்றுத் திரும்பும். எதிர் மலையின் உச்சி மறையும். பிறகு அதன் இடுப்பு மறையும். இடுப்பு மறைந்தால் மழை உறுதி. அதற்குப் பிறகும் வாரி மூட நேரம் இருக்கும்.

"அப்ப இடுப்பு மறையிற வரைக்கும் கையக் கட்டிக்கிட்டு நில்லுங்க."

அவள் மலையில் பழம் பறிக்கப் போய்விட்டாள். நான் களத்தில் தனியாக நின்றேன். மேகம் வந்தது. தப்பு எனக்குப் பக்கத்திலேயே கிடந்தது. கை அதை நோக்கிப் போகப் போக, மறு கையால் பிடித்துக்கொண்டேன். உச்சி மறைந்தது. வயிற்றில் ஆறு பெருகியது. 'ஓடட்டும்' என்று அவள் சொன்னதையே சொல்லிக்கொண்டேன். மேகம் விலகி உச்சி மறுபடி தெரிந்தது. வெயில் அடித்தது. கோப்பி காய்ந்துகொண்டிருந்தது. அன்று மழையே வரவில்லை. மறுநாள் வந்தது, இடுப்பு மறைந்ததும் தப்பு அடித்தேன். ஆட்கள் வந்து மூடிய பிறகுதான் முதல் துளி விழுந்தது. கங்காணி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் திட்டாமல் போனார். அவரிடமிருந்து அதுவே பெரிய பாராட்டு.

எப்போதும் சரியாக நடக்கவில்லை. ஒருநாள் எதிர் மலை தெளிவாகத் தெரியும்போதே பின்பக்கமிருந்து மழை வந்துவிட்டது. பாதிக் களம் நனைந்தது. எதற்காக ஆயுள் முழுக்கப் பயந்தேனோ அது நடந்தேவிட்டது. துரை கத்தினார். வீட்டுக்குத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தேன்.

"நனஞ்சிருச்சு" என்றேன்.

"அப்புறம்?"

"தொர கத்துனாரு."

"அப்புறம்?"

"கங்காணியும் கத்துனாரு."

"அப்புறம்?"

"நாளைக்கு வெயில்ல நல்லாக் கிண்டிவிட்டுக் காய வைக்கச் சொன்னாங்க."

"அவ்வளவுதானா?" என்றாள். கேலி இல்லை. உண்மையாகவே கேட்டாள். நானும் யோசித்துப் பார்த்தேன். அவ்வளவுதான்.

ஒரு சமயம் அவளிடம் கேட்டேன், "ஒனக்குப் பயமே வராதா புள்ள?"

"ஏன் வராது? காட்டு வழியில நடந்தப்ப வரலயா? எனக்கு வந்தா வந்துட்டுப் போயிருது. ஒங்களுக்கு வந்தா ஒக்காந்துக்குது. அதுல என் கெட்டிக்காரத்தனமும் இல்ல, ஒங்க குத்தமும் இல்ல."

இந்த ஒரு வார்த்தைக்காக அவளுக்குக் கோயில் கட்டலாம் என்று எனக்குத் தோன்றும். என்னைத் திருத்த வந்தவர்கள் எல்லோரும் நான் ஏதோ தப்புச் செய்கிறேன் என்றே பேசினார்கள். அவள் ஒருத்திதான் என் பயத்தை என் வீட்டுக்கு வந்த விருந்தாளியாகப் பார்த்தாள். வேண்டாத விருந்தாளிதான். ஆனால் அதை விரட்டாமல், அதற்குப் பந்தியும் போடாமல் இருக்கலாம் என்று காட்டினாள்.

பிறகு கோப்பிக்கு நோய் வந்தது. இலைக்கு அடியில் மஞ்சள் தூள் போல ஏதோ ஒட்டியது. தொட்டால் விரலில் வந்தது. இலை உதிர்ந்தது. அடுத்த வருடம் பழம் குறைந்தது, அதற்கடுத்த வருடம் இன்னும் குறைந்தது. மலை மலையாக மரங்கள் குச்சியாக நின்றன. களத்தில் பரப்ப ஒன்றும் இல்லை. லயம் முழுவதும் என்னைப்போல் ஆகிவிட்டது. எல்லோருக்கும் வயிற்றில் ஆறு. ஊருக்குத் திரும்பிப் போவதா, வேறு தோட்டம் தேடுவதா என்று ஆளுக்கு ஆள் பேசி மாய்ந்தார்கள். சாயங்காலமானால் பெண்கள் என் மனைவியிடம் வந்து உட்கார்ந்தார்கள். அரிசி நனைந்ததைப் பார்த்துச் சிரித்தவர்களும் வந்தார்கள்.

அரிசி நனைகிறது என்று கூவிய அந்தப் பக்கத்து வீட்டுக்காரியும் வந்தாள். அவள் கணவன் வேலை தேடிக் கண்டிப் பக்கம் போனவன். திரும்பி வருகிறேன் என்று சொன்ன நாள் எப்போதோ கடந்துவிட்டது. ஒரு சேதியும் இல்லை. மற்றவர்கள், "வந்துருவாரு, கவலப்படாத" என்றார்கள். நான் கெட்டிக்காரனாக, "வெளக்கு வெச்ச பொறகு சொல்லும்மா, கேட்டுக்குறோம்" என்று ஆரம்பித்தேன்.

மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இது ஒக்காந்து அடங்குற கவல இல்லங்க. இது தேடிப்போக வேண்டிய கவல" என்றாள். மறுநாள் விடியலிலேயே புறப்பட்டோம். மகளைக் கங்காணி வீட்டில் விட்டுவிட்டு, மூவரும் கம்பளை வரைக்கும் நடந்தோம். அங்கிருந்து ரயில். எனக்கு முதல் ரயில் அது. வயிற்றில் ஆறு ஓடத்தான் செய்தது. ஓடட்டும் என்று ஜன்னல் பக்கம் உட்கார்ந்தேன். ரயில் ஓடத் தொடங்கியதும், என் மனைவி கம்பியைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி வாயைத் திறந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை அப்படிப் பார்த்ததில் பாதிப் பயம் மறந்துபோயிற்று.

கண்டிக்கு அருகே பேராதனையில் இறங்கி, வண்டிமாடு அவிழ்த்துக் கட்டுகிற இடங்களில் எல்லாம் விசாரித்தோம். என் மனைவிதான் கேட்டாள். பக்கத்து வீட்டுக்காரி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஒரு வண்டிக் கொட்டகையில் அவன் கிடந்தான். காய்ச்சலில் எலும்பும் தோலுமாகியிருந்தான். ஒரு வண்டிக்காரக் குடும்பம் கஞ்சி ஊற்றிக் காப்பாற்றி வைத்திருந்தது. சேதி சொல்லி அனுப்பியிருந்தார்கள். அது எங்களுக்கு வந்து சேரவில்லை. அவன் மனைவியைப் பார்த்ததும், "ஏன் இவ்வளவு தூரம் வந்த?" என்று கேட்டுவிட்டு அழுதான். திரும்பி வரும்போது என் மனைவியிடம், "அது எந்த மாதிரிக் கவலைன்னு ஒனக்கு எப்புடித் தெரிஞ்சுச்சு?" என்று கேட்டேன். "தெரியல. போனாத்தானே தெரியும்" என்றாள்.

தோட்டத்தில் கோப்பியைப் பிடுங்கிவிட்டு வேறு பயிர் வைக்க ஆரம்பித்தார்கள். களத்துக்கு வேலையில்லை. நாங்கள் கண்டிக்குப் பக்கத்தில் உள்ள அம்பிட்டியவுக்கு வந்து, ஒரு சரிவில் இரண்டு பசு வைத்துக்கொண்டு பால் ஊற்றிப் பிழைக்கிறோம். மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. மாட்டைக் கண்டு அலறியவள், இங்கே இருக்கும்போது என்னைவிட நன்றாகப் பால் கறப்பாள். என் பயம் போய்விடவில்லை. இப்போது பசுவின் மடியைப் பற்றியும், சரிவில் மண் இறங்குவதைப் பற்றியும் கவலைப்படுகிறேன்.

நாங்கள் பால் ஊற்றும் வீடுகளில் ஒன்று, கண்டி அரசாங்கக் கச்சேரி அலுவலகத்தில் கிளாக்கர் வேலை பார்க்கும் ஒரு யாழ்ப்பாணத்துக்காரரின் வீடு. அவருடைய இளம் மனைவி சொந்த ஊரை விட்டு வந்தவள். முதல் குழந்தை. தூங்குகிற குழந்தைக்கு மூச்சு இருக்கிறதா என்று ஓயாமல் மூக்கடியில் விரல் வைத்துப் பார்ப்பாள். குழந்தையைத் தூங்க விடாமல் எழுப்பியும் பார்ப்பாள். வாசல் தாண்டி வெளியே வருவதையே விட்டுவிட்டாள். கண் இரண்டும் குழி விழுந்திருந்தது. என் மனைவி பால் ஊற்றிவிட்டு அவளோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவாள். நான் செம்புகளோடு வெளியே நிற்பேன்.

ஒருநாள் அந்தப் பெண் கேட்டது எனக்குக் காதில் விழுந்தது. "அக்கா, உண்மையைச் சொல்லுங்கோ. இது எப்ப என்னை விட்டுப் போகும்?"

"போகுமான்னு எனக்குத் தெரியாதும்மா" என்றாள் என் மனைவி. "அந்தா நிக்கிறாரே, அவரப் பாருங்க. அவருக்கு இன்னும் போகல. ஆனா மாடு கறக்குறாரு, டவுனுக்குப் போறாரு, ரயில்ல ஏறுனாரு, நல்லாச் சாப்புடுறாரு. சிரிக்கக்கூட செய்வாரு."

அந்தப் பெண் கதவு வழியாக என்னை எட்டிப் பார்த்தாள். என்ன செய்வதென்று தெரியாமல் செம்பைத் தூக்கிக் காட்டினேன். அவள் சிரித்துவிட்டாள். என் பயத்தால் ஒருவருக்கு நல்லது நடக்கும் என்று நான் எந்தக் காலத்திலும் எண்ணியதில்லை. அன்று வீடு வரைக்கும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

அதன்பிறகும் அந்தப் பெண் பல நாள் கஷ்டப்பட்டாள். இரண்டு அடி முன்னே வருவாள், பிறகு வீட்டுக்குள் அடைந்துகொள்வாள். என் மனைவி அவசரப்படுத்தவில்லை. பால் ஊற்றுவாள், உட்காருவாள், வருவாள்.

போன வாரம் ஒரு காலையில் நான் பசுவுக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தேன். சரிவுப் பாதையில் யாரோ மெதுவாக ஏறி வருவது தெரிந்தது. அந்தப் பெண்தான். தோளில் குழந்தை, கையில் பால் செம்பு. துணைக்கு யாரும் இல்லை. மூச்சு வாங்கியது. முகம் வேர்த்திருந்தது.

என் மனைவி வாசலுக்கு வந்தாள். "நாங்களே கொண்டாந்திருப்போமே, தனியாவா வந்தீங்க?"

"ஓம் அக்கா. வழியெல்லாம் பிள்ளையைப் பார்த்துப் பார்த்துத்தான் வந்தனான். ஆனா வந்திட்டன்."

என் மனைவி செம்பை வாங்கிப் பாலை நுரைக்க நுரைக்க ஊற்றினாள்.